திரும்பி வரும் சீற்

வெள்ளவத்தையில் யார் பில் கட்டினாலும்
என் காட்டை நீட்டுவேன்,
காசைக் கையில் தாங்கோ என்பேன்.
நல்ல மனுசன் என்று பெயர்.

நிரோஜினியின் மூக்குக்கண்ணாடி நானூற்றிப் பத்து மைல்.
றில்வான் கடைக்கு வாங்கிய பிறிஜ்
அபுதாபி வரை தாங்கும்.
தர்மகுலசிங்கத்தாரின் இருதய ஒப்பரேசனில்தான்
நான் சமுத்திரத்தைத் தாண்டினேன்.
அவர் தாண்டவில்லை.

புள்ளிகள் முப்பத்தோராம் திகதி காலாவதி.
தங்கச்சி இருக்கும் மெல்பேணுக்கு
ஒரேயொரு சீற், செவ்வாய் நடுச்சாமம்.
இலவசம்தான்;
வரி மட்டும் ஐம்பத்தேழாயிரம்.

அமத்தினேன்.
பிறகுதான் பார்த்தேன்,
திரும்பி வர
எந்த மாதத்திலும் இடமில்லை,
இருந்தாலும் என்னிடம் மைல் இல்லை.

விடியமுதல் மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன்:
"அன்ரி, காஸ் முடிஞ்சுதோ?"