பதினாலு கிலோ

பதினாலு கிலோ செம்புக் கம்பி.
பத்தொன்பதாம் கேஜ், எனாமல் பூசியது,
இரண்டு சுருள்.
செம்பனார்கோவில் கடைத்தெருவில்
ஷட்டர் பூட்டு உடையாமல் காணாமல் போனது.

பூட்டு உடையவில்லை என்பதைத்தான்
எல்லோரும் இரண்டு தரம் சொன்னார்கள்.
சாவி இரண்டு. ஒன்று என்னிடம்.
மற்றது அடைக்கலத்திடம்.

குறுவைக்குத் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு வந்து சேராத ஆனி மாதம்.
எரிந்துபோன மோட்டார்கள் வாசலில்
காய்ச்சல்காரர்களைப் போல் காத்துக் கிடந்தன.
உரக்கடைக்காரர் சொன்னார்:
"கொள்ளிடக் கரையில ஒருத்தர் இருக்கார்.
வெத்திலையில மை போடுவார்.
இப்ப வீடியோ கால்லயே பாக்குறார்.
நேர்ல போனா துல்லியம்."

நான் சபைக் கமிட்டியில் பொருளாளர்.
காணிக்கைப் பையை எண்ணுகிற கை.
ஆகவே கடைசி பஸ்ஸில் போனேன்,
துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு.
பாதி வழியில் ஞாபகம் வந்தது:
முன்பு ஒரு ராஜாவும் இப்படித்தான்
உடுப்பு மாற்றி, ராத்திரியில்,
தேசத்தைவிட்டுத் தான் துரத்தியவர்களில்
மிச்சமிருந்த ஒருத்தியைத் தேடிப் போனான்,
செத்தவனிடம் யோசனை கேட்க.
வாலிபர் கூட்டத்தில் நானே இதைப் பேசியிருக்கிறேன்,
இருபது நிமிடம், சிரிக்கச் சிரிக்க.
பஸ் நின்றது. இறங்கினேன்.

அவர் கெட்டவராகத் தெரியவில்லை.
மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்கு நூல் கட்டியிருந்தார்.
ஐந்நூறு வாங்கிக்கொண்டு
ரசீது வேணுமா என்று கேட்டார்.
வெற்றிலை நடுவில் மையைத் தடவினார்.
"யார் மேல சந்தேகம்? பேரைச் சொல்லுங்க.
பேர் இருந்தாத்தான் முகம் வரும்."

அங்கேதான் விளங்கியது.
கேட்க வந்தவன் இல்லை நான்.
தீர்ப்பை மடியில் கட்டிக்கொண்டு
கையெழுத்து வாங்க வந்தவன்.

அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்,
இருட்டில், ஒரு அந்நியர் முன்னால்,
திருடன் என்ற அர்த்தத்தில்.
'அ' வரைக்கும் வந்தது.
மையில் ஒரு முகம் தெரிந்தது, பொய்யில்லை.
அதன் தலையில் துண்டு சுற்றியிருந்தது.

திரும்பிவரப் பஸ் இல்லை.
பழையாற்றிலிருந்து மீன் ஏற்றி வந்த வேனில்
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தேன்.
விடியுமுன் கடையைத் திறந்தேன்.
சுவிட்ச் போர்டுக்கு மேலே
புத்தாண்டு ராத்திரி எடுத்த வாக்குத்தத்த அட்டை,
லேமினேட் செய்தது.
யாருக்கும் சொல்லாதது ஒன்று:
முதலில் வந்த அட்டையைத் தட்டிலேயே திருப்பிப் போட்டேன்.
பொறுமையைப் பற்றியது.
இரண்டாவதில் பாடுகள்.
மூன்றாவது, பெருக்கம். அதைத்தான் மாட்டினேன்.
கிளிகூட ஒரு தரம்தான் எடுக்கும்.

ஆறு மாதமாய் மெயின் போடுமுன்
அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.
எந்த நாளில் வார்த்தை நின்று
அட்டை தொடங்கியதோ, தெரியாது.

வனாந்தரத்தில் பாம்பு தீண்டியவர்கள்
ஏறிட்டுப் பார்த்துப் பிழைக்கவென்று
கம்பத்தில் ஏற்றிய வெண்கலம்.
ஏற்றச் சொன்னவர் கடவுள்தான்.
பின்னால் வந்தவர்கள் அதற்கே தூபம் காட்டினார்கள்.
வேறொரு ராஜா அதை நொறுக்கிப்போட்டான்.
வெறும் வெண்கலத் துண்டு என்றானது.
பழைய உலோகம் வாங்கி விற்கிறவனுக்கு
அந்த ராஜாவைப் புரியும்.

அட்டையைக் கழற்றினேன்.
பின்னால் பல்லி முட்டை இரண்டு.
மெயினைப் போடப் பயமாகத்தான் இருந்தது.
போட்டேன். விளக்கு எரிந்தது.

எட்டு மணிக்கு அடைக்கலம் வந்தான்.
"ராத்திரி வீட்டுக்கு வந்தேன்ணே, நீங்க இல்ல."
சொன்னேன். முழுக்க.
அந்த 'அ' வரை.
எரிந்த சுருளை உளியால் வெட்டிக்கொண்டே கேட்டான்,
நிமிரவில்லை.
ஒரு மோட்டார் முடிந்து அடுத்ததை இழுத்தபோது
"ரசீது வாங்குனீங்களா?" என்றான்.

கம்பி இன்றுவரை கிடைக்கவில்லை.
சந்தேகம் சில ராத்திரிகளில் வந்து
கட்டிலோரம் நிற்கிறது.
அதைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போவதில்லை.
சாவி இரண்டு. ஒன்று என்னிடம்.