மாரிக்கு மட்டும்

கார்த்திகை முதற்கிழமை சப்பாத்துத் தந்தார்கள்.
என் காலுக்கு ஆறு. இருந்தது எட்டு.
முனையில் பழைய பேப்பர் அடைத்துக்கொண்டு
நாவற்குடா ஒழுங்கைகளில் இறங்கினேன்.
நூற்றுப்பன்னிரண்டு வீடு, இரண்டு பேர்,
ஒரு டோச், ஒரு வெள்ளை அகப்பை,
மூன்று மாதக் கடிதம்.
மழை நின்றால் நாங்களும் நிற்போம்.
கடிதத்தில் அது இல்லை,
பி.எச்.ஐ. தவநேசன் ஐயா வாயால் சொன்னார்.

கூட வந்தவள் காத்தான்குடி ஹில்மியா.
நாய் என்றால் நான் முன்னுக்கு,
மதில் என்றால் அவள்.

ஒரு வீடு தண்ணீரை
எங்கெங்கே மறந்து வைக்கும் என்று
இப்போது எனக்குத் தெரியும்:
பிரிஜ்ஜின் முதுகுத் தட்டில்,
இலை அடைத்த பீலியில்,
யோகட் கோப்பையில், அன்னாசியின் கக்கத்தில்.
கள்ளனுக்கென்று மதிலில் பதித்த
போத்தல் அடிகளில்கூட.
கள்ளன் வரவில்லை.

"எங்கட வீட்ட ஒண்டுமில்ல மனே,
மத்த வீடுகளப் பாருங்க."
எல்லா வாசலிலும் இதே சொல்.
என் பட்டியலில்
மற்ற வீடு என்று ஓர் இலக்கமும் இல்லை.

குடம்பி தலைகீழாய்த் தொங்கும்.
டோச் பட்டதும்
கேள்விக்குறிபோல் வளைந்து
இருட்டுக்குள் இறங்கும்.
அகப்பையைச் சரித்துக் காத்திருக்கவேண்டும்,
மூச்சு வாங்க அது மேலே வந்தே ஆகும்.

அறுபத்தேழாம் இலக்கம் பூட்டு.
சொந்தக்காரர் சுவிஸில்.
வைபரில் எடுத்தோம். அவருக்குப் பின்னால் பனி.
"ஓகஸ்ட்டில வருவன், அப்ப பாப்பம்."
முற்றத்தில் தடாகம், நடுவில் சீமெந்து அன்னம்.
பாலை வேறாய் நீரை வேறாய்ப் பிரிக்குமாமே,
இதற்குப் பால் கொடுத்தவர் இல்லை.
நீரை மட்டும் வைத்துக்கொண்டு
பச்சையாய் நின்றது.

அறுபத்தெட்டில் பிள்ளை டிலோஜினி, ஐந்தாம் ஆண்டு.
பெரியாஸ்பத்திரியிலிருந்து தாய்
வேலியோரம் எண்கள் அனுப்பினாள்,
மாமிக்காரியின் போனுக்கு.
எழுபத்தோராயிரம்.
நாற்பது.
விடியப்புறம் பத்தொன்பது.
என் தாளிலும் எண்கள்தான். அன்று
பேனை எடுக்கவில்லை.

அனுமதிக் கடிதம் வருமட்டும் யார் இருப்பது?
ஹில்மியா அபாயாவை இழுத்துச் செருகி
மதிலால் குதித்தாள். நான் வாளியோடு பின்னால்.
ஐம்பத்துமூன்று வாளி.
கடைசியில் பாசியில் சறுக்கி
அன்னத்தின் கழுத்தைப் பிடித்தாள்,
கழுத்து கையோடு வந்தது.
இருவரும் அந்தச் சேற்றில் இருந்து சிரித்தோம்,
பக்கத்து வீட்டை நினைத்து
வாயைப் பொத்திக்கொண்டு.

படிவத்தில் "அன்னம் – சேதம்" என்று எழுதினேன்.
ஐயா ஏசினார். சம்பளத்தில் வெட்டுவார்களாம்.
ஒன்பதாம் நாள் டிலோஜினி
ஓட்டோவில் வந்து இறங்கினாள்,
மெலிந்து, கையில் பப்பாசி யூஸ் போத்தலோடு.
குடித்து முடித்த போத்தலை
எங்கே போடுகிறாள் என்றுதான்
நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தை பிறந்து வெயில் ஏறியது.
பூச்சி இல்லாத வீட்டுக்குப் பூச்சியம்.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
தாள் முழுக்க வட்டம்.
ஐயாவுக்குச் சந்தோஷம்.
எனக்கும்தான், அடகுச்சீட்டை நினைக்காத நேரங்களில்.

ஒரு பின்னேரம் வாவிப் பக்கம் கறுத்தது.
இன்னும் ஒரு மழை, ஒன்றே ஒன்று,
என்று நினைத்துவிட்டேன்.
அந்த இரவு எனக்குள் நானே டோச் அடித்தேன்.
ஏதோ வளைந்து
கீழே இறங்கிப்போனது.
மேலே வருமட்டும் காத்திருக்கவில்லை,
திரும்பிப் படுத்தேன்.

மழை பெய்யவில்லை.

நூற்றுப்பன்னிரண்டு கதவுகளுக்குப் பின்னால்
அட்டைகளில் தொங்குகிறது என் ஒப்பம்.
தொப்பி இல்லாமல் சந்தையில் போனால்
ஒருவருக்கும் என்னைத் தெரியாது.
வெற்றிலைக்காரியின் வாளியை
எட்டிப் பார்த்ததற்கு மட்டும் ஏச்சு விழுந்தது.

மாசியில் எல்லாம் திருப்பிக் கொடுத்தோம்:
டோச், அகப்பை, தொப்பி, சப்பாத்து.
களஞ்சியத்தில் ஒப்பமிட்டு
பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம்,
முனையில் அடைத்த பேப்பர்
உள்ளேயே கிடக்கிறது.
ஐப்பசியில் எட்டாம் அளவுக் காலோடு வருகிறவன்
உதறட்டும்.