முழங்கை மடிப்பு

புதுப் புட்டி எது வந்தாலும்
முதலில் என் இடது முழங்கையின் உள்மடிப்புக்குத்தான்.
ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் மூன்றே சொட்டு.
தொட்டு வைத்துவிட்டு
ஒரு பகல், ஒரு ராத்திரி
அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வேன்.
சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால்
மறுநாள் அது
பெயர் வாயில் நுழையாத ஊர்க்காரி ஒருத்தியின் முதுகுக்குப் போகும்.

கானாடுகாத்தானில் விடுதியாகிவிட்ட வீடு.
வளவை ஒட்டிய அறையில்,
சீர்ப் பாத்திரம் அடுக்கிப் பூட்டியிருந்த இடத்தில்,
இப்போது என் மேசை, என் துண்டுகள்,
பழுப்புக் கண்ணாடியில் பதினாறு புட்டிகள்.
லாவெண்டர் தூங்க வைக்கும் என்று சொல்லச் சொல்வார்கள், சொல்வேன்.
எலுமிச்சை பூசினால் வெயிலில் போகாதீர்கள் என்பதை
நானாகவே சொல்வேன்.
கேட்காமல் மத்தியானம் மாத்தூர்க் கோயிலுக்குப் போனவர்
கழுத்தில் ஒரு கறுப்புத் தீவோடு திரும்பினார்.

அடைக்கலம் ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிறவர்.
கண்ணாடி மேல் அச்சு, அச்சுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை,
மேலே சிமெண்ட்.
பூ கல்லில் விழுகிறது
தோல் விரலிலிருந்து உரிகிறது.
ரேஷன் கடை மெஷின்
அவர் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
'இல்லை' என்கிறது.
"துடைச்சிட்டு வைங்கண்ணே."
துடைத்து வைத்தாலும் இல்லை.
மூன்று மாதமாக அரிசி நான் போய்த்தான் வாங்குகிறேன்.

புட்டியின் அடியில் ஒட்டியிருப்பதற்குக் கணக்கு கிடையாது.
கவிழ்த்து வைத்து
சொட்டுச் சொட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
முதல் நாள்,
ஊரெல்லாம் அளந்து பூசுகிறவள்
அன்று அளக்கவில்லை.
டீ ட்ரீ தைலத்தை அப்படியே
வெடிப்பில் விட்டேன்.
குதித்தார். அம்மாவைக் கூப்பிட்டார்.
பக்கத்து வீட்டு வெளிச்சம் போட்டுக்கொண்டது.
ஆசையில் செய்தேன் என்று சொல்லலாம்தான்;
அவசரத்தில் செய்தேன்.

பிறகு மூன்று சொட்டுக்கு வந்தோம்.
லாவெண்டர், குந்திரிக்கம், செக்கு எண்ணெய்.
"ஓட்டல்காரன் மாதிரி நாறுதுடி" என்பார்
கையை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டார்.
ஒருநாள் காலையில் பூசிவிட்டேன்.
அச்சு வழுக்கிப்
பச்சை சிவப்புக்குள் ஓடிவிட்டது.
முதலாளி தள்ளி வைத்த அந்தக் கல்
எங்கள் குளியலறை வாசலில் கிடக்கிறது:
பாதிப் பூ, பாதி என்னவோ.
அதிலிருந்து ராத்திரி மட்டும்.

புது வீடுகளில் தரை பதித்து முடித்ததும்
தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள்
கல் மின்னுவதற்கு.
ஊற்றின கைக்கு யாரும் எண்ணெய் தொட்டதில்லை
என்று ஒருமுறை சொன்னேன்.
"கல்லுக்கு விலை இருக்கு" என்றார்
சோற்றைப் பிசைந்தபடி.
கோபமாகச் சொல்லவில்லை.

ஐப்பசியில் மெஷின் ஒத்துக்கொண்டது.
கட்டைவிரலை இல்லை; சுண்டுவிரலை.
அச்சைப் பிடிக்காத விரல் அது ஒன்றுதான்.
அது எண்ணெயாலா,
அல்லது மழையில் வேலை நின்ற பதினோரு நாளாலா,
எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி
வந்தவர்களிடம் சொல்வதும் இல்லை.
அரிசி மூட்டையைத் தோளில் போட்டு
கடையிலிருந்து அவரே நடந்து வந்தார்,
சுண்டுவிரலை மட்டும் நீட்டிக்கொண்டு.

நேற்று வெட்டிவேர்த் தைலம் வந்தது.
என் மடிப்பில் போன வாரத்துச் சிவப்பு இன்னும் ஆறவில்லை.
பார்த்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார்.
"என் கையில வச்சுப் பாரு."

அந்த மடிப்பை இதுவரை
வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை.
சிமெண்ட் ஏறாத இடம்.
உள்ளே ஒரு பச்சை நரம்பு.
என் விரல்தான்
அதன்மேல் சொரசொரவென்றிருந்தது.

தொட்டு வைத்திருக்கிறேன்.
நாளை ராத்திரிவரை
தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.