கோதுமை மாவும் கியர் ஆயிலும்

மார்ச் முடிகிறது. அட்-பாஷியில்
பனி இன்னும் போகவில்லை.
எந்த வாசலில் நிறுத்தினாலும் என் வண்டி
வெள்ளையில் ஒரு கறுப்புப் பொட்டு
வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறது.
நாய்கள் வந்து முகர்ந்து தும்முகின்றன.
ஆடுகளுக்கு ஊசி போட்டு முடித்த கையோடு
புருல் கேட்டாள்:
“டாக்டர், இதற்கு ஒரு கோவணம்
கட்டிவிடக் கூடாதா?”

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஊவாஸ்.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
உருவத்தைப் பார்த்து இங்கே எல்லாரும்
ரொட்டி என்றே கூப்பிடுவார்கள்.

முதல் சந்தேகம் எஞ்சின் மேல்.
விரலில் தொட்டு மோந்தேன்.
எஞ்சின் எண்ணெய் கருகல் வாடை அடிக்கும்;
இது கந்தகம், அழுகின முட்டை.
கியர்பெட்டிதான்.

சகின்பெக்கிடம் விட்டேன்.
பின் சீலை மாற்றினான், கசிந்தது.
முன் சீலை மாற்றினான், கூடுதலாகக் கசிந்தது.
இரண்டாம் தடவைக் கூலி
ஆயிரத்து ஐந்நூறு சோம்
நான் தரவில்லை.
“உன் கைக்கு மாடுகூட மடி சுரக்காது”
என்றும் சொல்லிவிட்டேன்,
அவன் மச்சினன் நிற்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன்.
கிழிந்த கம்பளத்தில் மல்லாந்து
மண்ணெண்ணெயும் தூரிகையுமாக
பழைய கறுப்புப் பூச்சு பளபளக்கும்வரை
பெட்டியைக் கழுவித் துடைத்தேன்.
சொட்டும் இடம் ஊருக்கே தெரியும்.
கசியும் இடம் வேறு.
எண்ணெய் காற்றோடு பின்னால் ஓடும்,
போல்ட்டின் தலையில் தயங்கும்,
வார்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்து
ஒரு பாவமும் அறியாத மூலையில்
கையை விடும்.

ஆகவே மாவு.
இரண்டு கை கோதுமை மாவை
அடிவயிறு முழுக்க அப்பி
கிசில்-பெல் கணவாய்க்கு
இரண்டாம் கியரில் ஏற்றி, இறக்கிக்கொண்டு வந்தேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால்
ஒரு கோடில்லை, மூன்று.
முன் சீலில் ஒன்று, பின் சீலில் ஒன்று,
கியர்க்கம்பி மூடியில் ஒன்று.
புது சீல்கள்.
எல்லாம் ஒரே மாதத்திலா கெடும்?

அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன்.
முதுகுக்கடியில் பனி உருகிச் சட்டைக்குள் வந்தது.
பிப்ரவரியில்
வயிறு உப்பி விழுந்த ஒரு பசு
நினைவுக்கு வந்தது. இடது விலாவில்
குழலூசி இறக்கினதும் எழுந்து நின்றது.
அதற்கு எங்கும் ஓட்டை இல்லாததுதான் வியாதி.

சூடானால் காற்று பெருக்கும்.
போக ஒரு வழி இருக்கும், எந்தப் பெட்டிக்கும்.

மேலே, கைக்கு மட்டும் எட்டி
கண்ணுக்கு எட்டாத இடத்தில்
சுண்டுவிரல் நுனியளவில் ஒரு தொப்பி.
லொடலொடவென்று ஆட வேண்டியது;
ஆடவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
கறுப்பாக, ரப்பர் போல உரிந்து வந்தது.

துருவுக்கு மருந்து.
போன ஆகஸ்டில் குழிமேல் நிறுத்தி
ஓர் இடம் விடாமல் அடித்தேனே,
அந்த டப்பா.
அந்தத் தூரிகை. இந்தக் கை.

குண்டூசியை நுழைத்தேன்: புஸ்.
பசு அளவுக்கு இல்லை.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திங்கள் காலை
சகின்பெக் ஓர் ஆடிக்கு அடியில் இருந்தான்.
பூட்ஸ் மட்டும் வெளியே.
“மூச்சுத்துளை அடைத்திருந்தது” என்றேன்.
பூட்ஸ் அசையாமல் நின்றது.
“எது அடைத்தது?”
“பெயிண்ட்.”
பொய் இல்லை அது.
“பெயிண்ட் தானாகவா நடந்து போனது?”

நான் பதில் சொல்வதற்குள்
ஒரு கை வெளியே நீண்டது.
“பதினாலாம் நம்பர்” என்றது.
தேடி எடுத்து வைத்தேன்.
பணத்தை அவன் டீக்கோப்பைக்கு அடியில் செருகினேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் முழுதாகச் சொல்லவில்லை.

வெளியே வந்தால்
அவன் வீட்டுக் கோழிகள் நாலைந்து
ரொட்டிக்கு அடியில் புகுந்து
அண்ணாந்து அண்ணாந்து
மாவைக் கொத்திக்கொண்டிருந்தன.