பங்கேற்பாளர் பதினேழு

ஆஸ்டோரியாவில் மூன்றாம் நாளாக மழை.
பேருந்தை விட்டு இறங்கியபோது என் பையில்
ஒலிப்பதிவுக் கருவி,
ஒப்புதல் படிவம் இரண்டு பிரதி,
இருபது டாலர் மளிகைக் கூப்பன்,
கணக்கில் காட்டாத ஒரு சிகரெட் பெட்டி.

ஆய்வுத் தலைப்பு:
கொலம்பியா ஆற்று முகத்துவார நண்டு மீனவரிடையே
புகைப்பழக்கத்தை விடும் எண்ணமும் அதன் படிநிலைகளும்.
"நீளம்" என்றார் என் வழிகாட்டி ஹாட்லி பிராண்ட்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்வோ நிஸ்கலா என்பது நான் இட்ட பெயர்.
உண்மைப் பெயர் துறை அலுவலகத்தில்
பூட்டிய இழுப்பறைக்குள்.
ஆய்வேட்டில் அவர் வெறும் எண்.
அறுபத்திரண்டு வயது, மூன்று விரல்களில் தையல்.
படகின் சின்ன அறையில்
டீசலும் காபியும் ஒரே வாசனையாகியிருந்தன.

"அடுத்த ஆறு மாதத்தில் விடும் எண்ணம் உண்டா?
அறவே இல்லை என்றால் ஒன்று,
உறுதியாக என்றால் ஐந்து."

அவர் ஆணியில் தொங்கிய அலுமினியத் தகட்டை எடுத்தார்.
ஆறேகால் அங்குலம்.
"இதை நண்டின் முதுகோட்டில் வைப்போம்.
உள்ளே அடங்கினால் திரும்பக் கடலுக்கு.
பெண் நண்டானால் அளக்காமலே கடலுக்கு.
உன் ஒன்று இரண்டை
என் எந்த ஓட்டில் வைக்கப் போகிறாய்?"

நான் மூன்று என்று குறித்துக்கொண்டேன்.
பாவம், மூன்று எதற்கும் சம்மதிக்கும்.

பிறகு அவராகவே:
"ஒருமுறை விட்டேன். நாற்பது நாள்."
எது உதவியது என்று கேட்டேன்.
குடும்பமா, மருத்துவரா, ஒட்டுப் பட்டையா?
என் கையில் பட்டியல் தயார்.

கருவியில் ஐம்பத்திரண்டு விநாடி
கடற்சிங்கங்கள் மட்டும்.

"அந்தக் காற்றில் தனி ஆளால்
தீக்குச்சி கொளுத்த முடியாது.
ஒருவன் உரச, ஒருவன் கை குவிக்க வேண்டும்.
எய்னோ போனபின் குவிக்க ஆளில்லை.
விட்டேன் என்று நீ எழுதிக்கொள்.
பற்றவில்லை, அவ்வளவுதான்.
நாற்பத்தோராம் நாள் புதுப் பையன் வேலைக்கு வந்தான்.
கேட்காமலே கை நீட்டினான்."

திரும்பும் பேருந்தில் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன்.
எங்கள் பாடத்தில்
சமூக ஆதரவு என்பது ஏணி;
மனிதனைத் தீமையிலிருந்து ஏற்றிவிடும்.
இங்கே துணை இல்லாததால் ஒருவர் நலமானார்,
துணை வந்ததும் கெட்டார்.
இல்லை,
கெட்டார் என்று எழுதவும் கை வரவில்லை.

மென்பொருளில் அந்தப் பத்திக்கு
மஞ்சள் கொடுத்தேன், பிறகு பச்சை,
பிறகு இரண்டும்.
ஐம்பத்திரண்டு விநாடிக்கு நிறமே இல்லை.
ஓரத்தில் பிராண்ட் எழுதினார்:
"முரண்பட்ட தரவு. நீக்காதே."
மூன்று ஆண்டுகளில் அவர் சொன்ன
ஒரே நல்ல சொல்.

ஆனால் தட்டச்சில் வராத ஒன்று.
கருவியை அணைத்தபின் அவர் கேட்டார்: "நீ?"
ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவள்
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

படகுத்துறையில் மழை சாய்ந்து விழுந்தது.
முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும்.
பின்னால் காலணிச் சத்தம்.
கூப்பனைப் பற்களில் கடித்தபடி
தையல் போட்ட இரண்டு கைகள் முன்னே வந்தன,
கும்பிடுவதற்கும் மறைப்பதற்கும்
நடுவிலான ஒரு வடிவத்தில்.

ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில்
ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
ஆய்வாளர் வெளியே நிற்கவில்லை.
குச்சி எரிந்ததா என்று
குழுவில் யாரும் இன்னும் கேட்கவில்லை.