முறைத் தண்ணீர்

நாலு பங்கு, ஒரே கிணறு.
மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்து
அஞ்சு மணிக்குப் போகும்.
ஆளுக்கு ஒரு மணி நேரம்.
மாமனார் காலத்துக் கணக்கு,
எந்தப் பத்திரத்திலும் இல்லை.

அன்றைக்குக் குப்பண்ணன் கோயமுத்தூரில் இருந்தார்,
பையனுக்கு இருதயத்தில் ஓட்டை.
இரண்டு மணிக்கு அவர் மச்சினன் வந்து
வால்வைத் திருகிவிட்டுப் படுக்கப் போனான்.
செருப்புச் சத்தம் இட்டேரியில் தேய்ந்து அடங்கியதும்
நான் மறுபடி திருப்பிக்கொண்டேன்,
என் வெங்காயத்துக்கு.
சிவன்மலை உச்சியில் விளக்கு எரிந்தது.
அதற்கு முதுகைக் காட்டித்தான் செய்தேன்.

விடிந்தால் அவர் பாத்தி மட்டும் புழுதி.
மற்ற மூன்றும் ஈரம்.

வெள்ளிக்கிழமை செல்லாண்டியம்மன் வாசலில்
வெற்றிலைமேல் கற்பூரம் வைத்தார்கள்.
வெங்கிடுசாமி அணைத்தார்.
நான் அணைத்தேன். சுடவே இல்லை.
உள்ளங்கையில் இரண்டு நாள் வாசம் இருந்தது,
சோறு பிசையும்போதெல்லாம்.

மூன்றாவது, சென்னியப்பன்.
பேர் மலைமேல் இருக்கிற சாமியின் பேர்.
ஆள் நோம்பிக்கு வருவார், கோயிலுக்குள் வரமாட்டார்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்:
"தண்ணி நான் எடுக்கலீங்க.
ஆனா இதை அணைக்க மாட்டனுங்க.
எனக்கு நம்பிக்கை இல்லாத ஒண்ணு மேல
சத்தியம் பண்ணுனா
அதுவே பொய்யாயிருமுங்களே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.
நானாகக்கூட இருக்கலாம்.

சாமிக்குப் பயமில்லாதவன்
எதற்குத்தான் பயப்படுவான் என்று கேட்டு,
அவருடைய எட்டு முறைத் தண்ணியை
குப்பண்ணனுக்கு எழுதினார்கள்.
"சரிங்க" என்றார்.
மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

பாம்பு வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது ஒரு சாரை, எலியைத் தேடி.
கண் அவியும் என்று பயந்தேன்.
வெள்ளைக் கோட்டுக்காரப் பெண்
வயசு நாற்பத்தைந்து ஆச்சுங்க அக்கா என்று சொல்லிக்
கண்ணாடி எழுதிக் கொடுத்தாள்.
வெங்காயம் நல்ல விலைக்குப் போனது.
அந்தக் காசில் அம்மனுக்கு
வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினேன்.
இருந்த இரண்டு கண்ணோடு இன்னும் இரண்டு.
பூசாரி தேங்காய் மூடி கொடுத்தார்.
கணக்கு தீர்ந்தது என்றே வீடு வந்தேன்.

ஊரைக் குறை சொல்ல வரவில்லை நான்.
குப்பண்ணன் பையன் ஆபரேசனுக்கு
நோம்பிப் பணத்தில் நாற்பதாயிரம் எடுத்து
ஒரே ராத்திரியில் கொடுத்தது
இதே கோயில், இதே ஆட்கள்.
சென்னியப்பனும் இரண்டாயிரம் தந்தார்.
ரசீதில் "அம்மன் துணை" என்றிருந்ததை
பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
வெங்கிடுசாமிக்கு வந்த கோபத்தைப் பார்க்கணும்.

ஐந்தாவது முறைக்குள்
அவர் வெங்காயம் தாள் மடங்கிப் படுத்துவிட்டது.
அன்று ராத்திரி, என் மணியில்,
ஒன்றரைக்கே
வால்வை அவர் பக்கம் திறந்துவிட்டு
கிளுவை வேலியோரம் நின்றேன்.

டார்ச் வந்தது.
வாய்க்காலில் கை வைத்துப் பார்த்தார்.
மணி பார்த்தார்.
வால்வை என் பக்கமே திருப்பினார்,
கடைசிச் சுற்று வரைக்கும், இறுக்கி.
வெளிச்சம் வேலியில் ஒருமுறை என்னைத் தொட்டது.
நின்றது.
நகர்ந்தது.
"உங்க மணி இன்னும் முடியலீங்க"
என்றார் இருட்டைப் பார்த்து.

என்னால் வாய் திறக்க முடியவில்லை.
இன்று வரைக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போடுகிறேன்.
நம்பிக்கை எனக்குக் குறையவில்லை,
குறைந்திருந்தால் தூங்கியிருப்பேன்.
இரண்டு மணி அடிக்கும்போது மட்டும்
மலையுச்சி விளக்கைப் பார்ப்பதில்லை.
வால்வில் கை வைத்தபடி
இட்டேரியைப் பார்க்கிறேன்,
டார்ச் வருகிறதா என்று.