நாலாவது

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
கடையை மூடிக்கொண்டிருந்தவன்
முப்பது ரூபாய்க்குத் தந்த சிடி.
அட்டை இல்லை, வாசித்தவன் பெயர் தெரியாது.
ஒரு புல்லாங்குழல், தூரத்தில் ஒரு தபலா,
ஒன்பது பாட்டு, நாற்பத்து மூன்று நிமிடம்.
பாட்டு என்கிறேன், வரி ஒன்றும் கிடையாது.
அதனால்தான் வாங்கினேன்.
வண்டியில் ஏறுகிறவர்கள் பேசும் பேச்சே
எனக்குக் காலத்துக்கும் போதும்.

ஆசாரிப்பள்ளத்தில் ஆளை இறக்கிவிட்டு
ஸ்ட்ரெச்சரைக் கழுவி, கையைக் கழுவி,
காலி ஆம்புலன்ஸில் அதைப் போடுவேன்.
உடனே அல்ல.
முதலில் சைரன் காதைவிட்டு இறங்க வேண்டும்,
அதற்குப் பார்வதிபுரம் பாலம் வரை ஆகும்.

பெயரில்லாத பாட்டுகளுக்கு நானே பெயர் வைத்தேன்.
முதலாவது வில்லுக்குறி.
இரண்டாவது, மழைக்கு ஒதுங்கிய தக்கலை.
மூன்றாவதில் தபலாக்காரன் முட்டிமோதுவான்,
அது அழகியமண்டபம் ஜங்ஷன்.
ஏழாவதைக் கேட்டுவிட்டால்
அஜிதாவிடம் கத்தாமல் சோறு தின்ன முடியும்.
அவளுக்கும் தெரியும்.
வண்டி நின்று நான் இறங்காமலிருந்தால்
"ஏழு முடியல்லியா?" என்று எட்டிப் பார்ப்பாள்,
பிறகுதான் மீன்குழம்பைச் சுடவைப்பாள்.

நாலாவதை மட்டும் தாண்டிவிடுவேன்.

நாலாவதில் அவன் மூச்செடுப்பது பதிவாகியிருக்கிறது.
ஒவ்வொரு இழுப்பும் முடிந்து
வாய் திறந்து காற்றை உள்ளே வாங்குகிறான்.
சின்னச் சத்தம். மட்டமான ஸ்பீக்கரில் கேட்காது.

குளச்சலில் ஏற்றிய பையன், பதினேழு வயது,
வள்ளத்து எஞ்சின் நெஞ்சில் அடித்திருந்தது.
எனக்குப் பின்னால் அப்படித்தான் வாங்கிக்கொண்டு வந்தான்.
இரணியல் பக்கம் ரெயில்வே கேட்.
கேட் திறந்தபோது அந்தச் சத்தம் இல்லை.
ஷைலின் சிஸ்டர் "ஓட்டு, ஓட்டு" என்றாள்.
ஓட்டினேன்.
சைரனுக்கு விஷயம் தெரியாது,
அது பாட்டுக்கு அலறிக்கொண்டே வந்தது.

மூன்று வருடம் என் ஆல்பத்தில் எட்டே பாட்டு.

போன ஐப்பசியில் அருமனைக்கு ஒரு சடலம்.
முன்சீட்டில் அவளுடைய கணவன், பெயர் சத்தியதாஸ்,
ரப்பர் ஷீட் அடிக்கிற வேலை, என் வயதுதான் இருக்கும்.
மடியில் ஜவுளிக்கடைக் கவர், அதற்குள் அவள் செருப்பு.
அவசரம் முடிந்த வண்டிக்குச் சைரன் கிடையாது.
வில்லுக்குறி தாண்டியதும் கேட்டான்:
"பாட்டு ஒண்ணும் இல்லியா அண்ணே?
சத்தமே இல்லாம இருக்கு, அதான்."

போட்டேன்.
மூன்றாவது முடிகிற நேரம் எதிரே ஒரு தடிலாரி,
கை இரண்டும் ஸ்டியரிங்கில்.
நாலாவது தொடங்கிவிட்டது.

முதல் மூச்சுக்கு அவன் சட்டென்று திரும்பி
பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"பாட்டுல உள்ளதாக்கும்" என்றேன்.
வேறு என்ன சொல்ல?
"ஓ" என்றான்.
கொஞ்ச தூரம் கழித்து,
"ஒருக்க கூட போடுவியளா?"

போட்டேன். திரும்பவும் போட்டேன்.
சுவாமியார்மடம் போனது, மார்த்தாண்டம் வந்தது.
மேம்பாலத்தில் எனக்குப் பாதை மங்கியது,
வைப்பரைக் கூட்டி வைத்தேன்.
மழை விட்டு நெடுநேரம் ஆகியிருந்தது.
அவன் கவனித்தானா தெரியவில்லை,
ஒவ்வொரு மூச்சுக்கும் கவரை
இறுக்கிப் பிடித்துப் பைய விட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டு முன்னால் எஞ்சினை அணைத்தபோது மணி இரண்டரை.
அஜிதா டார்ச்சோடு வந்தாள்.
"ஏழா?"
"நாலு" என்றேன்.
செத்த நேரம் நின்றாள்.
அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறப் போனவள்
சீட்டில் கிடந்த கவரை எடுத்துப் பார்த்தாள்.
"யாருக்க செருப்பு இது?"

"காலைல அருமனைக்குப் போகணும்" என்றேன்.
கவரை மடியில் வைத்துக்கொண்டு
அவளும் உட்கார்ந்தாள்.
பட்டனை அவள்தான் அமுக்கினாள்.